கருப்புக்கு அடியில் என்ன உலோகம்? ஒரு புல்லட் 350-இன் பவுடர் கோட்டிங்கை உரித்த விவரம்

வார்ப்பிரும்பு சிலிண்டர் காலத்து புல்லட் 350, திருவொற்றியூர் ஆலைத் தயாரிப்பு. சில ஆண்டுகளுக்கு முன் வண்டியை முழுக்கப் பிரித்து, பெட்ரோல் டேங்க் நீங்கலாகக் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் ஒரே பளபளப்புக் கருப்பில் பவுடர் கோட்டிங் போட்டிருக்கிறார்கள். சேஸிஸ், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், ஸ்டாண்டுகள், மட்கார்டு, டூல் பாக்ஸ் வரை சரி. அதோடு கை நிற்கவில்லை. ஃபோர்க் பாட்டம் (முன் ஃபோர்க்கின் கீழ்க்கால்), வீல் ஹப், பிரேக் பிளேட், ஹெட்லைட்டைச் சுமக்கும் அலுமினிய வார்ப்பு, எஞ்சினின் இருபக்கக் கவர்கள், பின் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்குகள் எல்லாமே கருப்பு.

இதை உரிக்க வேண்டி வந்ததற்குக் காரணங்கள் பல. ஸ்விங் ஆர்ம் பொருந்தும் இடத்தைச் சுற்றிப் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. நகத்தால் அழுத்தினால் உள்ளே துருத்தூள் நெறுநெறுத்தது. எஞ்சின் கவர்கள் பாலிஷ் போட்ட அலுமினியமாக இருக்க வேண்டியவை. ஹேண்டில்பார் தண்டு புகும் ஹெட் குழாயில் குத்திய சேஸிஸ் எண் பூச்சில் மூடிப்போய், டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால்தான் பாதி தெரியும். பேட்டரி எர்த் ஒயர் பூச்சின் மேலேயே முறுக்கப்பட்டிருந்ததால் விளக்குகள் அவ்வப்போது மங்கின. இந்தக் கடைசிச் சிக்கலுக்கு மட்டும் என்றால் எதையும் உரிக்க வேண்டியதில்லை. எர்த் போல்ட்டின் அடியில் ஒரு வாஷர் அகலத்துக்கு வெறும் இரும்பு தெரியத் தேய்த்தால் போதும். முழு உரிப்புக்கு இறங்குமுன் அந்த அளவிலேயே வேலை முடிந்துவிடுமா என்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் பவுடர் கோட்டிங்கை எடுப்பது போடுவதைவிட மூன்று மடங்கு வேலை.

பெயிண்ட் போல ஏன் போவதில்லை

சாதாரண பெயிண்ட் தின்னர் பட்டால் இளகும். பவுடர் கோட்டிங் அப்படியல்ல. மின்னூட்டம் ஏற்றிய பிசின் தூளைப் பாகத்தின் மேல் ஒட்டவைத்து, உலோகத்தின் சூடு 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரும்படி 10 முதல் 20 நிமிடம் அடுப்பில் வைக்கிறார்கள். தூள் உருகி ஓடும்போதே மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைந்து ஒரே வலையாகிவிடும். அந்த வலை மறுபடி உருகாது, எந்தக் கரைப்பானிலும் கரையாது. பூச்சை உரிக்கும் ரசாயனமான ஸ்ட்ரிப்பர், நல்லதாக இருந்தாலும், செய்வதெல்லாம் அந்த வலைக்குள் புகுந்து அதை ஊதவைத்து, உலோகத்தோடு உள்ள பிடியை விடுவிப்பதுதான். அதனால்தான் பூச்சு கரைந்து வழியாமல் வற்றல் போலச் சுருங்கித் தோலாக எழும்புகிறது.

இது சரியாக வெந்த பவுடர்தானா, அல்லது சாதாரண பெயிண்ட்டா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். வெள்ளைத் துணியில் எம்இகே கரைப்பானை நனைத்து மறைவான ஓர் இடத்தில் 50 முறை முன்னும் பின்னும் தேய்த்ததில் பளபளப்பு சற்றே மங்கியது. துணியில் லேசான கறுப்புச் சாயல், அவ்வளவுதான். சரியாக வெந்த பவுடர் என்பதற்கு அது அடையாளம். துணி மையாகக் கறுத்துப் பூச்சு பிசுபிசுத்தால் அது சாதாரண பெயிண்ட், அல்லது அரைவேக்காட்டுப் பவுடர். இரண்டுமே எளிதாகப் போகும்.

தடிமனை மைக்ரான் மீட்டரில் அளந்தபோது சேஸிஸில் 90 முதல் 140 வரை. ஃபோர்க் பாட்டத்தில் 200-ஐத் தொட்டது. அங்கே இரண்டு சுற்று போட்டிருக்கிறார்கள். பொதுவாக 60 முதல் 80 மைக்ரான் போதுமானது. ஒரு சுற்றுக்குப் போட்ட கணக்கு இரண்டு சுற்றுப் பூச்சுக்குப் பொருந்தாது. ஸ்ட்ரிப்பர் மேல் அடுக்கை மட்டும் எழுப்பிவிட்டு நிற்கும், அடியிலிருப்பதற்கு மறுபடி தடவ வேண்டும்.

காந்தமும் ஒரு சொட்டு காஸ்டிக்கும்

எல்லாப் பாகமும் ஒரே கருப்பாக இருப்பதுதான் இந்த வேலையின் பெரிய ஆபத்து. இரும்புக்கு நல்லது அலுமினியத்தைத் தின்றுவிடும். அலுமினியத்துக்குச் சரியானது இரும்புச் சட்டத்துக்கு வீண் செலவு. ஆகவே ரசாயனப் புட்டியைத் திறக்குமுன் பாகங்களை மூன்று குவியலாகப் பிரித்தாயிற்று.

முதல் சல்லடை காந்தம். ஒட்டினால் எஃகு அல்லது வார்ப்பிரும்பு. ஒட்டாதவற்றில் ஒரு மறைவான மூலையைச் சுரண்டி, 5 சதவீத காஸ்டிக் சோடா கரைசல் ஒரு சொட்டு விட்டால், அலுமினியம் ஓரிரு நிமிடத்தில் நுரைக்கும். வீல் ஹப்பில் ஒரு சூது உண்டு. வெளியே அலுமினியம், உள்ளே பிரேக் ஷூ உரசும் வளையம் வார்ப்பிரும்பு. உள்ளே காந்தம் ஒட்டுகிறதே என்று இரும்புக் குவியலில் போட்டால் ஹப் போய்விடும். இரண்டு உலோகம் சேர்ந்த பாகத்தை எப்போதும் மென்மையான உலோகத்தின் கணக்கிலேயே வைக்க வேண்டும்.

மூன்றாவது குவியல் பலருக்குத் தோன்றாதது: ஸ்பிரிங், ஆக்சில், உறுதி கூட்டிய போல்ட்டுகள். இவையும் எஃகுதான். ஆனால் அமிலத்தில் ஊறினால் எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, வெளியே ஒரு கீறலும் தெரியாமல் இருந்துவிட்டு, சுமை ஏறியதும் ஒருநாள் பட்டென்று ஒடியும். அடுப்பில் எரித்தால் பதம் இறங்கி ஸ்பிரிங் தளர்ந்துவிடும். அமிலமும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம் என்று அவற்றைத் தனியே கட்டி வைத்தாயிற்று. துத்தநாக முலாம் போட்ட நட்டு போல்ட்டுகளை உரிக்கும் முயற்சியே எடுக்கவில்லை. காஸ்டிக், அமிலம் இரண்டிலும் முலாம் கரையும். புதிதாக வாங்குவதே மலிவு.

பிரிக்கும்போதே பேரிங், ஆயில் சீல், புஷ், கோன் செட் (ஸ்டீயரிங் பேரிங்), ரப்பர் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். ஸ்ட்ரிப்பரில் ரப்பர் சீல் ஊதி இரண்டு மடங்காகிவிடும். பேரிங்கை விட்டுவைத்து "டேப் ஒட்டிக்கலாம்" என்று நினைத்தால் அந்தப் பேரிங்குக்கும் அன்றோடு ஆயுள் முடிந்தது.

அலுமினியம்: மெத்திலீன் குளோரைடு

ஃபோர்க் பாட்டம் இரண்டு, ஹப் இரண்டு, பிரேக் பிளேட் இரண்டு, ஹெட்லைட் வார்ப்பு, இடப்பக்கம் பிரைமரி கவர். இவற்றுக்கு மெத்திலீன் குளோரைடு கலந்த கூழ் ஸ்ட்ரிப்பர். அமிலம் சேர்த்த வகை இன்னும் வேகமானது, ஆனால் அலுமினியத்தை மங்கவைக்கும், மெக்னீசியம் கலந்த வார்ப்பைக் குதறும். புட்டியில் அமிலம் சேர்க்காத வகை என்று இருப்பதைப் பார்த்து எடுப்பது முக்கியம்.

தடவுமுன் 60-ஆம் எண் உப்புத்தாளால் பூச்சின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட வேண்டும், உலோகம் தெரியுமளவு அல்ல. பவுடரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும்வரை ரசாயனம் உள்ளே இறங்க நேரமெடுக்கும். விளிம்புகளில் மட்டும் உலோகம் வரை கீறினால், அந்த வழியாக அடியில் புகுந்து தோலை எழுப்பும்.

பிரஷ்ஷால் 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனாக, ஒரே திசையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். பெயிண்ட் அடிப்பதுபோல் மேலும் கீழும் இழுத்தால் கெட்டது. கூழின் மேல் மெழுகுப் படலம் ஒன்று உருவாகிக் கரைப்பான் ஆவியாவதைத் தடுக்கிறது. மறுபடி பிரஷ் போனால் அந்தப் படலம் உடைந்து, எல்லாம் காற்றில் போய்விடும். மேலே பாலித்தீன் தாளைக் காற்றுப் போகாமல் போர்த்தினால் இன்னும் நல்லது. பிவிசி தாள் கூடாது, அதுவே இளகிப் பாகத்தில் ஒட்டிக்கொள்ளும்.

முதல் சுற்றில் நடந்த தவறு இங்கேதான். மெத்திலீன் குளோரைடின் கொதிநிலை 39.6 டிகிரி. கோடைப் பகல் பதினொரு மணிக்குத் தகரக் கூரையின் கீழ் தடவினால் அது ஸ்ட்ரிப்பராக வேலை செய்வதில்லை, ஆவியாகத்தான் வேலை செய்கிறது. ஃபோர்க் பாட்டத்தில் வைத்த கூழ் கால் மணி நேரத்தில் காய்ந்து வெள்ளைத் தோலாக நின்றது. அடியிலிருந்த கருப்பு அசையவில்லை. அரை லிட்டர் வீண். மறுநாள் காலை ஆறு மணிக்கு, பாகங்களை முந்தின இரவே நிழலில் ஆறவைத்து, தாள் போர்த்தித் தடவியதில் 20-ஆவது நிமிடம் பூச்சு வரிவரியாக எழுந்தது. வெயில் காலத்தில் புட்டியை மூடி திறக்குமுன் தண்ணீர் வாளியில் சற்று நேரம் வைப்பதும் இதற்காகவே. உள்ளே அழுத்தம் ஏறியிருந்தால் மூடியைத் திருகியதும் முகத்தில் பீச்சும்.

எழுந்த தோலை மரச்சீவல் அல்லது பிளாஸ்டிக் பட்டையால் வழித்தெடுக்கலாம். இரும்புக் கத்தி கூடவே கூடாது. அலுமினியத்தில் அது போடும் கோடு பாலிஷ் வரை கூடவே வரும். ஒரு சுற்றுப் பூச்சு இருந்த பாகங்கள் இரண்டு தடவலில் முடிந்தன. ஃபோர்க் பாட்டம் நான்கு கேட்டது. எட்டுப் பாகங்களுக்கும் சேர்த்துச் செலவு சுமார் மூன்றரை லிட்டர், முதல்நாள் வீணானதையும் சேர்த்து.

பேரிங் அமரும் குழிகளில் பிரஷ்ஷும் ஸ்ட்ரிப்பரும் மட்டுமே, உப்புத்தாள் கிடையாது. அங்கே பூச்சு 70 மைக்ரான் இருந்தால் இரு பக்கமும் சேர்த்துக் குழியின் விட்டம் 0.14 மில்லிமீட்டர் குறைந்திருக்கும். பேரிங்கின் இறுக்கமே நூறில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கணக்குதான். முந்தைய கோட்டிங்காரர்கள் அங்கே பிளக் வைக்காமல் விட்டதால் பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றியிருந்த தடம் தெரிந்தது. இப்போது அதை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தால் எதிர்த்திசையில் தவறு: குழி பெருத்துப் பேரிங் உள்ளேயே சுற்றும், பிறகு லேத்தில் ஸ்லீவ் போட வேண்டியதுதான்.

மரைத் துளைகளுக்கும் இதே கதை. ஸ்ட்ரிப்பர் ஊறியபின் பழைய போல்ட் ஒன்றின் நுனியில் மூன்று வெட்டுப் போட்டு அதையே மரை வெட்டும் டேப் போல ஓட்டினால் இளகிய பூச்சு வெளியே வரும். புதிய கூரான டேப்பை ஓட்டினால் பூச்சோடு அலுமினிய மரையையும் சீவிக்கொண்டு வரும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வரியில் எழுதிவிட்டுப் போக முடியாத பொருள் இது. நாடெங்கும் பட்டறைகளில் போட்டுக்கொள்ளும் நீல நைட்ரைல் கையுறையை மெத்திலீன் குளோரைடு சில நிமிடங்களில் ஊடுருவும். கை எரியும்போதுதான் தெரியும். பல அடுக்குப் படலக் கையுறை உள்ளே, தடித்த ரப்பர் கையுறை மேலே என்று இரண்டு போட வேண்டும். கரி நிரப்பிய முகமூடியும் இதற்குப் போதாது. கரி சீக்கிரமே நிறைந்துபோய் ஆவியை விட்டுவிடும். இந்த ஆவி காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனமானது. ஆகவே சர்வீஸ் குழியிலும் மூடிய அறையின் தரையிலும் தேங்கும். உடலுக்குள் போனதில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறி ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடிக்கிறது, அதனால் இதய நோய் உள்ளவர்கள் கிட்டவே வரக்கூடாது. குளியல் தொட்டிக்குள் குனிந்து பெயிண்ட் உரித்தவர்கள் இறந்த சம்பவங்கள் அமெரிக்காவில் பலமுறை பதிவானபின், 2019-இல் பொதுமக்களுக்கு இதை பெயிண்ட் ரிமூவராக விற்பதற்கு அங்கே தடை வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு முன்பே கட்டுப்படுத்திவிட்டது. திறந்த வெளி, காற்றுக்கு முதுகு காட்டி நிற்பது, குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோகாமல் பாகத்தை மேசை உயரத்தில் வைப்பது, இந்த மூன்றும் இல்லாமல் இதைத் தொடுவது புத்திசாலித்தனமல்ல.

பென்சைல் ஆல்கஹால் அடிப்படையிலான ஸ்ட்ரிப்பர்கள் மாற்று. ஆபத்து குறைவு, வேகமும் குறைவு. ஒரு பிரேக் பிளேட்டை அதில் போட்டுப் பார்த்ததில் ஓர் இரவு முழுக்க ஊறிய பிறகே தோல் எழுந்தது. அவசரமில்லாத வேலைக்கும் வீட்டில் செய்பவர்களுக்கும் அதுவே சரி.

ஒரு கவர் மட்டும் பிளாஸ்டிங்குக்குப் போயிற்று

வலப்பக்க டைமிங் கவர் சேஸிஸோடு சேர்ந்து தவறுதலாக பிளாஸ்டிங் (அழுத்தக் காற்றில் மணல் வீசி உரிப்பது) கூண்டுக்குள் போய்விட்டது. பூச்சு பத்து நிமிடத்தில் போனது உண்மை. ஆனால் வெளியே வந்த அலுமினியத்தின் மேல் எலுமிச்சைத் தோல் போலக் குழி. ஸ்ட்ரிப்பரில் உரித்த இடப்பக்கக் கவரை 400-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 600, 800, 1000 என்று போய் பஃப் வீலில் முடித்தாயிற்று. பிளாஸ்டிங் ஆன கவரை 120-இல் தொடங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய கோடுகள் முழுக்க மறையும்வரை திசை மாற்றித் தேய்த்ததில் வேலை நான்கு மடங்கு. விளிம்புகளின் கூர்மையும் லேசாக மழுங்கியது. பாலிஷ் போடவேண்டிய அலுமினியத்துக்கு மணல் காட்டாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

காஸ்டிக் தொட்டி

சென்டர் ஸ்டாண்டு, சைடு ஸ்டாண்டு, ஃபுட்ரெஸ்ட் கம்பி, பேட்டரி தாங்கி, மட்கார்டு தாங்கிகள் என எஃகுச் சில்லறைகள் எல்லாம் காஸ்டிக் சோடாவுக்கு. 200 லிட்டர் இரும்பு பீப்பாயை நீளவாக்கில் வெட்டிய பாதி, அதில் 80 லிட்டர் தண்ணீர், 12 கிலோ காஸ்டிக் செதில். தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீர் ஊற்றினால் அந்த இடத்திலேயே கொதித்துத் தெறிக்கும். கரையும்போதே தொட்டி தானாகச் சூடாகும். அதன்பின் அடுப்பு மூட்டி 85 டிகிரியில் நிறுத்தியது. குளிர்ந்த காஸ்டிக்கில் நாள்கணக்காக ஊறவைப்பவர்கள் உண்டு, பலன் அற்பம்.

பாலியெஸ்டர் பவுடரின் எஸ்டர் பிணைப்புகளைச் சூடான காஸ்டிக் வெட்டுகிறது, எண்ணெயைச் சோப்பாக்கும் அதே வேதிவினை. எப்பாக்ஸி வகைப் பவுடருக்கு அந்தப் பலவீனம் இல்லை. இந்தத் தொகுதியில் பெரும்பாலானவை மூன்று மணி நேரத்தில் பழுப்புக் கூழாக வழிந்துவிட்டன. சைடு ஸ்டாண்டு மட்டும் ஆறு மணி நேரத்துக்குப் பிறகும் திட்டுத் திட்டாக நின்றது. அதன் அடியில் சாம்பல் நிற எப்பாக்ஸி பிரைமர் பவுடர். அதைத் தொட்டியில் வைத்துக் காத்திருப்பதில் பயனில்லை. எடுத்து ஸ்ட்ரிப்பரில் முடித்தாயிற்று.

இடையில் தொட்டியின் ஒரு மூலையில் சரம்சரமாகக் குமிழி எழுந்தது. எஃகுக்குக் காஸ்டிக்கில் குமிழி வரக்கூடாது. தூக்கிப் பார்த்தால் பேட்டரி தாங்கியில் பின்னாளில் யாரோ அடித்த இரண்டு அலுமினிய பாப் ரிவெட். காந்தச் சோதனையில் தகடு ஒட்டியதால் அவை கண்ணில் படவில்லை. ரிவெட் கரைந்தது பெரிய இழப்பல்ல, வேறு இரண்டு அடிக்கலாம். ஆனால் வெளிவந்தது ஹைட்ரஜன். அடியில் எரிந்துகொண்டிருந்தது விறகு. ஒரு ஹப் அளவு அலுமினியம் உள்ளே போயிருந்தால் தொட்டி பொங்கி நெருப்பில் ஊற்றியிருக்கும். அதன்பிறகு அடுப்பை அணைத்துவிட்டுப் பாகங்களை இறக்குவது, ஒவ்வொரு ரிவெட்டையும் புஷ்ஷையும் தனித்தனியே சோதிப்பது என்று முறை மாறியது.

கண்ணில் காஸ்டிக் பட்டால் குழாய்த் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் விடாமல் கழுவி, நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வினிகர் விட்டால் முறிந்துவிடும் என்று சொல்லும் வைத்தியம் கண்ணைக் கெடுக்கும்.

கழுவுதலில் இன்னொரு பாடம். சென்டர் ஸ்டாண்டின் கால்கள் குழாய். வெளியே பளிச்சென்று கழுவி உலர்த்தி வைத்ததில், மறுநாள் வெல்டிங் ஓரத்தின் ஊசித்துளை ஒன்றில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. உள்ளே நின்ற காஸ்டிக் காற்றுபட்டுச் சோடா உப்பாகியிருக்கிறது. இதன்மேல் புதுக் கோட்டிங் போட்டால் ஓரிரு மழைக்காலத்தில் அதே இடத்தில் கொப்புளம். வெந்நீரில் மூழ்கவைத்து, எடுத்துக் கவிழ்த்து, மூன்று முறை செய்தபின் 3 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தில் ஐந்து நிமிடம், மறுபடி நல்ல தண்ணீர். துளையில் வைத்த பிஎச் தாள் 7 காட்டும்வரை விடவில்லை.

சேஸிஸ்

சேஸிஸை எரிப்பு அடுப்பில் போடலாமா என்பது முதலில் எழுந்த கேள்வி. கோட்டிங் கடைகளில் கொக்கிகளைச் சுத்தம் செய்ய 400 டிகிரி அளவில் எரிக்கும் அடுப்புகள் உண்டு. வெறும் எஃகுச் சட்டம் அந்தச் சூட்டைத் தாங்கும். பித்தளைப் பற்று வைத்த இணைப்புகளும் தாங்கும், அது உருக ஏறக்குறைய 900 டிகிரி வேண்டும். ஈயப்பற்று வைத்த எதுவும் தாங்காது. அலுமினியத்தை அந்த அடுப்பின் பக்கமே கொண்டுபோகக் கூடாது: டி6 எனும் வெப்பப் பதம் போட்ட வார்ப்புகளுக்கு வலு ஏற்றும் கடைசிக் கட்டம் 150 முதல் 180 டிகிரிக்குள்தான் நடக்கிறது, 400 டிகிரி காட்டினால் உருவம் மாறாது, வலு மட்டும் பாதிக்குமேல் போய்விடும். அலாய் வீலை எரித்து உரித்துத் தருகிறோம் என்று சொல்லும் கடையிலிருந்து வீலைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுவது உத்தமம். கிட்டத்தில் கிடைத்த அடுப்பில் சூட்டைப் பதிவு செய்யும் கருவி இல்லை. அதோடு இந்தச் சேஸிஸில் விரிசல் சந்தேகம் இருந்ததால், உலோகத்தை மாற்றாத முறையே வேண்டும் என்று பிளாஸ்டிங் முடிவானது.

பவுடர் கோட்டிங்கின் மேல் பிளாஸ்டிங் எளிதல்ல. அது ரப்பர் போல வளைந்து கொடுக்கும், மணல் துள்ளித் திரும்பும். கண்ணாடி மணியும் சமையல் சோடாவும் இதில் வீண். கூர்முனை உள்ள கார்னெட் அல்லது அலுமினியம் ஆக்சைடு தேவை. தென் தமிழகக் கடற்கரைச் செம்மணலில் இருக்கும் அதே கார்னெட்தான். இங்கே 30/60 மெஷ் அளவுத் துகள் எடுத்தது. ஆற்றுமணலை வைத்து இன்னமும் பிளாஸ்டிங் செய்யும் இடங்கள் இருக்கின்றன. உடைந்த சிலிக்காத் தூள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் ஆகும், அதற்கு மருந்தில்லை.

காற்றுதான் அடுத்த கணக்கு. 6 மில்லிமீட்டர் நாசிலில் 6 பார் அழுத்தம் நிற்க நிமிடத்துக்கு 70 முதல் 75 கன அடி காற்று வேண்டும், அதாவது 15 முதல் 20 குதிரைத்திறன் கம்ப்ரசர். பஞ்சர் கடையின் 2 குதிரைத்திறன் கம்ப்ரசர் தருவது ஏழெட்டு கன அடி. அதில் நாசிலை மாட்டினால் பத்து வினாடி வேலை, ஐந்து நிமிடம் காத்திருப்பு. அழுத்தம் 4 பாருக்குக் கீழே இறங்கினால் பூச்சு பளபளப்பை மட்டும் இழக்கும், போகாது.

எண் குத்திய இடத்தை முதலில் கூழ் ஸ்ட்ரிப்பராலும் நைலான் பிரஷ்ஷாலும் சுத்தம் செய்து, புகைப்படம் எடுத்து, டியூப் ரப்பர் இரண்டு மடிப்பு வைத்துக் கட்டிய பிறகே சேஸிஸ் கூண்டுக்குள் போனது. எஃப்சி எடுக்கும்போது ஆய்வாளர் தேடுவது அந்த எண்ணைத்தான். மணலில் மழுங்கினால் பிறகு அலைச்சல் சொல்லி மாளாது. கோன் செட் அமரும் இரண்டு வாய்க்கும் ரப்பர் அடைப்பு, எல்லா மரைகளிலும் பழைய போல்ட், திறந்த குழாய் முனைகளுக்கு மரக்கட்டை. நாசிலை 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி, 60 டிகிரி சாய்வில் பிடித்தால் மணல் விளிம்பின் அடியில் புகுந்து தோலை நெம்பும். நேர்க்குத்தாகப் பிடித்தால் அதே இடத்தில் துள்ளிக்கொண்டிருக்கும். 25 கிலோ மூட்டை ஐந்து, நான்கு முறை சலித்துப் பயன்படுத்தியதில் சேஸிஸும் ஸ்விங் ஆர்மும் இரண்டு மணி நேரத்தில் முடிந்தன.

மட்கார்டும் டூல் பாக்ஸும் தகடு. அவற்றை இந்த அழுத்தத்தில் அடித்தால் ஒரு பக்கம் மட்டும் நீண்டு தகடு அலையலையாக வளையும், சூட்டால் அல்ல, மணலின் சின்னச் சின்ன அடியால். ஆகவே ஸ்ட்ரிப்பரில் உரித்து, மூலைத் துருவுக்கு மட்டும் 3 பார் அழுத்தத்தில் தூரத்திலிருந்து ஒரு வீச்சு. ஸ்பிரிங்குகளுக்கும் அமிலமற்ற ஸ்ட்ரிப்பர், நைலான் பிரஷ், அத்தோடு சரி.

பூச்சு போன பிறகுதான் கொப்புளத்தின் காரணம் தெரிந்தது. ஸ்விங் ஆர்ம் தாங்கியின் வெல்டிங் ஓரத்தில் விரிசலுக்குள் ஊறிக் காட்டிக்கொடுக்கும் டை பெனட்ரண்ட் சாயம் அடித்துப் பார்த்ததில் சுமார் 30 மில்லிமீட்டர் நீளச் சிவப்புக் கோடு. விரிசல் வழியே நீர் ஏறி, பூச்சுக்கும் இரும்புக்கும் நடுவே பரவியிருக்கிறது. பழைய கோட்டிங்குக்கு அடியில் பாஸ்பேட் படலமே இல்லாததால் துரு தடையின்றி ஓடியிருக்கிறது. விரிசலின் இரு முனையிலும் 3 மில்லிமீட்டர் துளையிட்டு ஓட்டத்தை நிறுத்தி, வி வடிவில் வெட்டி, வெல்டிங் முடித்து அந்த இடத்தை மறுபடி பிளாஸ்ட் செய்தாயிற்று.

மறு பூச்சுக்கு முன்

வெறும் இரும்பு கடலோர ஈரக்காற்றில் ஒரு மணி நேரம்கூட நிம்மதியாக இருக்காது. பிளாஸ்டிங் முடிந்ததும் எண்ணெயற்ற காற்றால் ஊதி, வெறும் கை படாமல், அன்றே பிரைமருக்குள் போக வேண்டும். குழாய்க்குள் மணல் நிற்கிறதா என்று சேஸிஸைச் சுழற்றி ரப்பர் சுத்தியலால் தட்டியதில் கால் கிண்ணம் கார்னெட் கொட்டியது. அது கோன் செட்டுக்குள் போயிருந்தால் ஸ்டீயரிங் ஒரே வாரத்தில் கரகரக்கும்.

அலுமினியத்தில் தொல்லை வேறு வகை. ஸ்ட்ரிப்பரின் மெழுகு தண்ணீரில் போவதில்லை. ஹெட்லைட் வார்ப்பில் சோதனைக்கு அடித்த பவுடர் மீன்கண் போல வட்டம் வட்டமாக விலகி நின்றது. தின்னரில் துடைத்து, சோப்புநீரில் கழுவி, மறுபடி துடைத்தபின் விலகல் நின்றது. அடுத்து, வார்ப்பின் நுண்துளைகளில் ஊறிய பழைய எண்ணெயும் ஸ்ட்ரிப்பரும் அடுப்பில் வைக்கும்போது குமிழியாக வெளியேறிப் பூச்சில் ஊசித்துளை போடும். அதனால் பவுடர் அடிக்காமல் வெறுமனே ஒருமுறை, புதுப் பூச்சு வேகும் சூட்டைவிட 10 டிகிரி கூடுதலாக, அரை மணி நேரம் வைத்து எடுத்தது. வெளிவந்த எண்ணெய்க் கறையைத் துடைத்து இரண்டாவது முறை வைத்தபோது கறை வரவில்லை.

வழித்தெடுத்த கருப்புத் தோலும் ஸ்ட்ரிப்பர் கசடும் சேர்ந்து மூடியுள்ள இரும்பு டின்னில் பாதி. 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி இது சாக்கடைக்கோ குப்பைவண்டிக்கோ போகக்கூடாது. கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அனுமதி பெற்ற கழிவுமையத்துக்குத்தான். தனி ஆளாகச் செய்பவர்கள் பக்கத்துக் கோட்டிங் கடை அனுப்பும் கழிவோடு சேர்த்துவிடக் கேட்கலாம். காஸ்டிக் தொட்டியை ஆறவிட்டு, மேல்நீரின் காரம் போகச் சமனாக்கி, அடியில் படிந்த கூழை அதே டின்னில் சேர்த்தாயிற்று.

புதுக் கோட்டிங்குக்கு அனுப்பும்போது பேரிங் குழிகளுக்கும் மரைகளுக்கும் சிலிக்கான் பிளக், எர்த் போல்ட் அமரும் இடத்தில் வெப்பம் தாங்கும் டேப்பில் வெட்டிய 20 மில்லிமீட்டர் வட்டம். ஹெட் குழாயில் எண் இருக்கும் இடத்தையும் டேப்பால் மூடச் சொல்லி, அங்கே மட்டும் பிறகு மெல்லிய பிரைமரும் ஒரு கை கருப்பு ஸ்ப்ரேயும் அடித்தது. எண் இப்போது டார்ச் இல்லாமலே தெரிகிறது.